கூகுளுக்கு அபராதம் போட்டாயிற்று, சாதியின் ஏகபோகத்துக்கு?

(மதுரை திருநகரில் தோழர்கள் நடத்தும் வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூகுளுக்கு இந்தியாவில் போடப்பட்ட அபராதங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன் வெளியே டீக்கடையில் ஒரு தோழர் கேட்டார்: "பெரிய முதலாளிக்கும் அதைவிடப் பெரிய முதலாளிக்கும் கமிஷன் தகராறு. இதுல நமக்கு என்னங்க வேலை?" நியாயமான கேள்வி. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய பேச்சு. என் ஆய்வு இணையச் சந்தைகளைப் பற்றியது என்பதால் கொஞ்சம் சட்டம், கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம்.

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது இந்தியப் போட்டி ஆணையம். ஒரு நிறுவனம் பெரிதாக இருப்பது இந்தச் சட்டப்படி குற்றமில்லை. சந்தையில் தனக்குள்ள மேலாதிக்கத்தை வைத்து மற்றவர்களை உள்ளே வரவிடாமல் தடுப்பதும், தன் நிபந்தனைகளை மற்றவர்கள் தலையில் கட்டுவதும்தான் குற்றம். இந்தச் சட்டத்தின் கீழ் கூகுள் மூன்று முறை பெரிய அபராதம் வாங்கியிருக்கிறது.

முதலாவது 2018-இன் தொடக்கத்தில். தேடல் முடிவுகளில் தன் சொந்தச் சேவைகளைத் தூக்கி முன்னால் வைத்தது என்பதற்காக 135.86 கோடி ரூபாய். இரண்டாவது 2022 அக்டோபர் 20 அன்று, ஆண்ட்ராய்டு வழக்கில் 1,337.76 கோடி ரூபாய். அடுத்த ஐந்தாவது நாள், அக்டோபர் 25 அன்று, பிளே ஸ்டோர் வழக்கில் 936.44 கோடி ரூபாய்.

ஆண்ட்ராய்டு வழக்கைத் தொடங்கி வைத்தவர்கள் யார் தெரியுமா? பெரிய கம்பெனிகள் எதுவும் இல்லை. மூன்று இளைஞர்கள். இருவர் அந்த ஆணையத்திலேயே ஆய்வு உதவியாளர்களாக வேலை பார்த்தவர்கள், ஒருவர் சட்டக் கல்லூரி மாணவர். இந்த அறையில் இருக்கும் பலருடைய வயதுதான் அவர்களுக்கும் இருந்திருக்கும். ஐரோப்பிய ஆணையம் 2018-இல் இதே ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே கேள்வி இந்தியாவுக்கும் பொருந்துமே என்று இவர்கள் புகார் கொடுத்தார்கள். 2019-இல் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

புகாரின் உள்ளடக்கம் எளிமையானது. அப்போது நம் நாட்டில் விற்ற 100 ஸ்மார்ட்போன்களில் 95-க்கும் மேல் ஆண்ட்ராய்டில் ஓடியவை. ஆண்ட்ராய்டு இலவசம் என்பார்கள். ஆனால் பிளே ஸ்டோர் இல்லாத ஃபோனை யார் வாங்குவார்கள்? அந்த பிளே ஸ்டோரைத் தர வேண்டுமானால் கூகுளின் தேடல், குரோம், யூடியூப் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்ற வேண்டும், தேடல் பெட்டியை முகப்புத் திரையிலேயே வைக்க வேண்டும் என்று ஃபோன் தயாரிக்கும் கம்பெனிகளோடு ஒப்பந்தம் இருந்தது. அரிசி வாங்கப் போனால் பருப்பும் புளியும் சேர்த்துத்தான் தருவேன், அதையும் வீட்டு வாசல் அலமாரியில்தான் வைக்க வேண்டும் என்று மளிகைக்கடைக்காரர் சொல்வது மாதிரி.

இப்போது அபராதத்தின் எடையைப் பார்ப்போம். 1,337 கோடி என்றால் நமக்குத் தலை சுற்றும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்கு 2022-இல் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருவாய் ஏறத்தாழ 28,280 கோடி டாலர். ஒரு மணி நேரத்துக்கு 3.2 கோடி டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 1,337 கோடி ரூபாய் என்பது சுமார் 16 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள், அந்த நிறுவனத்தின் ஐந்து மணி நேர வருவாய். காலையில் கடை திறந்து மதியச் சாப்பாட்டுக்குள் சம்பாதித்துவிடும் தொகை. அந்தப் பணமும் பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. சட்டப்படி அது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும்.

ஆகவே அபராதத் தொகையை மட்டும் பார்த்துக் கைதட்டுவதில் பயனில்லை. அபராதத்தோடு சேர்த்து ஆணையம் என்ன உத்தரவு போட்டது, அந்த உத்தரவு என்ன ஆனது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு வழக்கில் ஆணையம் பத்து உத்தரவுகள் பிறப்பித்தது. கூகுள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது, இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் போனது, 2023 ஜனவரி 19 அன்று அங்கும் தடை மறுக்கப்பட்டது. 2023 மார்ச் 29 அன்று தீர்ப்பாயம் இறுதித் தீர்ப்புச் சொன்னது. அபராதம் முழுவதும் சரி என்றது. ஆனால் பத்து உத்தரவுகளில் நான்கை ரத்து செய்தது. எந்த நான்கு? ஏற்றித் தந்த செயலிகளைப் பயனர் நீக்கிக்கொள்ள வழி, மற்றவர்களின் செயலிக் கடைகளை பிளே ஸ்டோர் வழியாகவே தர வழி, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலிகளைத் தடையின்றி இறக்கிக்கொள்ள வழி, கூகுளின் அடிப்படைச் சேவைகளோடு இணையும் வசதியை மற்றவர்களுக்கும் மறுக்காமல் தருதல். அதாவது தண்டம் நின்றது. வாசலைத் திறக்கும் உத்தரவுகளில் முக்கியமானவை போயின.

பிளே ஸ்டோர் வழக்கில் வேறு மாதிரி. செயலிக்குள் ஒருவர் பணம் கட்டினால் கூகுளின் கட்டண முறை வழியாகத்தான் கட்ட வேண்டும், அதில் 15 முதல் 30 விழுக்காடு கூகுளுக்கு என்பது விதியாக இருந்தது. வேறு கட்டண முறையை அனுமதிக்க வேண்டும் என்றது ஆணையம். கூகுள் அனுமதித்தது. எப்படி? வேறு முறையில் வாங்கிக்கொள், ஆனால் எனக்கு 11 முதல் 26 விழுக்காடு கொடுத்துவிடு என்றது. குறைந்தது 4 விழுக்காடு. வேறு முறைக்கும் தனியாகக் கட்டணம் உண்டு அல்லவா, கூட்டிக் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்த வழக்கின் அபராதமும் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டில் 216.69 கோடியாகக் குறைக்கப்பட்டது.

மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய தந்திரமாகத் தெரியாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளைத் தலித்துகளுக்கு ஒதுக்கியபோது என்ன நடந்தது? 1996 முதல் பத்து ஆண்டுகள் அங்கே ஊராட்சித் தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்கார முடியவில்லை. வேட்புமனுவே போடவிடாமல் தடுத்தார்கள். பிறகு தாங்களே ஒருவரை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, உடனே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். அரசு ஆவணத்தில் தேர்தல் நடந்தது, சட்டம் நிறைவேறியது. ஊரில் எதுவும் மாறவில்லை. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. உத்தரவை எழுத்துப்படி நிறைவேற்றி அதன் உயிரை எடுப்பது எப்படி என்று ஆதிக்கத்தில் இருப்பவனுக்கு எப்போதும் தெரியும். கலிபோர்னியாவில் உட்கார்ந்திருந்தாலும் சரி, உசிலம்பட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் சரி.

தோழர்களே, இதுவரை சொன்னது எந்தப் பொருளாதாரக் கூட்டத்திலும் சொல்லக்கூடியது. இனி நம் கூட்டத்துக்கு வருவோம். கூகுளின் மீது இந்தியாவில் முதன்முதலில் போட்டிச் சட்டப் புகார் கொடுத்து, 2018-இல் அபராதம் வரை கொண்டுபோனவர்கள் யார்? இரண்டு பேர். ஒன்று, ராஜஸ்தானைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நுகர்வோர் அமைப்பு. இன்னொன்று, நம் சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம். பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி எல்லாம் நடத்தும் கம்பெனி.

இந்தச் சண்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்தக் கம்பெனியின் பெயரைக் கூகுளில் தேடினால் போட்டிக் கம்பெனியின் விளம்பரம் முதலில் வருகிறது, எங்கள் வணிகப் பெயரைப் போட்டியாளருக்கு ஏலம் விடுகிறது கூகுள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2010-இல் நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். மொழியின் பெயரையும் 'மேட்ரிமோனி' என்ற சொல்லையும் சேர்த்தால் வருவது பொதுச் சொற்களால் ஆன விவரிப்புப் பெயர்தான் என்பது அதில் முக்கியமான வாதம். 2012-இல் போட்டி ஆணையத்துக்குப் போனார்கள். 2018 தீர்ப்பில் வேறு சில விஷயங்களுக்காகக் கூகுளுக்கு அபராதம் விழுந்தது. ஆனால் விளம்பர ஏலம் பற்றிய குற்றச்சாட்டை ஆணையம் ஏற்கவில்லை. பிறகு பிளே ஸ்டோர் கமிஷன் சண்டை. அதில் கம்பெனிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்திலும் நிவாரணம் இல்லை, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்புத் தரவில்லை. 2024 மார்ச் 1 அன்று கூகுள், கமிஷன் கட்டாத இந்தியக் கம்பெனிகளின் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டார். நான்கைந்து நாட்களில் செயலிகள் திரும்ப வந்தன.

அந்தச் சமயத்தில் நம் நண்பர்கள் பலர் சமூக ஊடகத்தில் "தமிழர் கம்பெனியை அமெரிக்கக் கம்பெனி நசுக்குகிறது" என்று எழுதினார்கள். கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை பிறந்ததே இந்த மதுரையில்தான் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. தமிழர், அந்நியர் என்று இந்தச் சண்டையைப் பிரிக்க முடியாது. வேறு அளவுகோல் வேண்டும்.

நம் அளவுகோல் எது? 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்பது அதன் சாரம். தீட்டு, உணவு, தொழில் இவையெல்லாம் சாதியோடு வருபவை. அகமணம் நின்றால் சாதி நிற்காது. அப்படியானால் திருமணத்துக்கு ஆள் தேடித் தரும் தொழில் சாதிச் சமூகத்தில் சாதாரணத் தொழில் இல்லை. சாதியின் உற்பத்திக் கூடத்துக்கு மூலப்பொருள் தருகிற தொழில்.

அந்தக் கம்பெனி மொழிவாரித் தளங்களோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சாதிப் பெயரோடும் மேட்ரிமோனி என்ற சொல்லைச் சேர்த்து நூற்றுக்கணக்கான தளங்களை நடத்துகிறது. அதன் போட்டியாளர்களும் சாதி வாரியாகத்தான் வரன்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பெனியின் தனிப்பட்ட குணமாக இதைச் சொல்லவில்லை, தொழிலே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. முன்பு தரகர் மஞ்சள் பையில் ஜாதகக் கட்டோடு வருவார். அவருக்குத் தெரிந்தது நான்கு ஊர், ஒரு சாதி, இரண்டு உட்பிரிவு. இன்று அதே வேலையைச் சர்வர் செய்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அதே உட்பிரிவு மாப்பிள்ளையையும் அரை நொடியில் எடுத்துத் தருகிறது. இடம் பெயர்ந்தால், படித்தால், நகரத்துக்குப் போனால் சாதி தளரும் என்று நம்பினோம். இடம் பெயர்ந்தவர்களையும் சாதிக்குள் திரும்பக் கூட்டி வருகிறது இந்தத் தொழில்நுட்பம். 2011-12-இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி நாட்டில் சாதி மறுப்புத் திருமணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "நாங்கள் என்ன செய்வது? மக்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். 'சாதி தடையில்லை' என்றும் ஒரு கட்டம் வைத்திருக்கிறோமே, வேண்டியவர்கள் அதைத் தேர்வு செய்யட்டும்."

இந்தப் பதிலை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இதில் உண்மை இருக்கிறது. பெற்றோர் கேட்கிறார்கள். படித்த பிள்ளைகளும் கேட்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் வங்காளத்தில் ஆனந்தபஜார் பத்திரிகை மணமக்கள் விளம்பரங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. நல்ல படிப்புள்ள வேறு சாதி வரனைவிடப் படிப்புக் குறைந்த சொந்தச் சாதி வரனை விரும்பும் அளவுக்கு அந்த விருப்பம் வலுவானது என்று அது காட்டியது. ஆக, விருப்பம் பொய்யில்லை.

ஆனால் தோழர்களே, போட்டி ஆணையத்தில் கூகுள் சொன்ன பதிலும் இதுதான். எங்கள் தேடல் நன்றாக இருக்கிறது, அதனால் மக்கள் பயன்படுத்துகிறார்கள். வேறு தேடுபொறி வேண்டுமென்றால் இறக்கிக்கொள்ளட்டும், யார் தடுத்தது? இதற்கு ஆணையம் சொன்ன பதில்தான் இந்த வழக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஃபோனை வாங்கும்போதே ஒன்று ஏற்றப்பட்டு முகப்பில் வைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலானவர்கள் அதை மாற்ற மாட்டார்கள். இருப்பதை அப்படியே விட்டுவிடுவது மனித இயல்பு. அந்த இயல்பைப் பயன்படுத்தி ஒருவர் டீஃபால்ட்டைத் தன் வசம் வைத்துக்கொண்டால், பிறகு "மக்களே தேர்ந்தெடுத்தார்கள்" என்று சொல்ல முடியாது. மாற்றிக்கொள்ளும் வழி எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது என்பது போதாது. ஃபோனை முதன்முதலில் தொடங்கும்போதே எந்தத் தேடுபொறி வேண்டும் என்று சமமாகக் கேட்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. தேர்வுத் திரை என்று அதற்குப் பெயர். கூகுளும் 2023 ஜனவரியில் அதை ஏற்று அறிவித்தது.

அதாவது இந்திய அரசின் ஓர் அமைப்பு, 1,337 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரு வழக்கில், டீஃபால்ட் என்பது சுதந்திரமான தேர்வு ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த வாதத்தை நாம் ஏன் ஃபோனோடு விட்டுவிட வேண்டும்?

சாதியைவிடப் பெரிய டீஃபால்ட் இந்த நாட்டில் எது? பிறக்கும்போதே ஏற்றப்பட்டு வருகிறது. நீக்கும் பொத்தான் இல்லை. வரன் தேடும் தளத்தில் பதிவு செய்யும்போது பெயர், வயதுக்கு அடுத்து சாதி கேட்கிறது. என் உறவினர் ஒருவருக்காக ஒரு தளத்தில் விவரம் நிரப்பிக்கொடுத்தேன். சாதியைப் போட்டவுடனே உட்பிரிவு கேட்டது. அடுத்த திரையில் அதே சாதியில் வரன்கள் வரிசையாக வந்து நின்றன. சாதி தடையில்லை என்று சொல்ல விரும்புகிறவர் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சாதிக்குள் தேட விரும்புகிறவர் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு உழைப்பும் துணிச்சலும் வேண்டும், இன்னொரு பக்கத்துக்கு எதுவும் வேண்டாம். இதைச் சம வாய்ப்பு என்று சொல்ல முடியுமா?

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒப்புமை நம்மை ஏமாற்றிவிடும். கூகுள் ஒரு நிறுவனம். முகவரி உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு, நோட்டீஸ் அனுப்பலாம். சாதிக்கு முகவரி இல்லை, அல்லது எல்லா வீடும் அதன் முகவரி. கூகுளை விட்டு வேறு தேடுபொறிக்குப் போனால் யாரும் வெட்ட மாட்டார்கள். சாதியை விட்டு வெளியே போனால் வெட்டுகிறார்கள். கோகுல்ராஜ் கொலை வழக்கில் 2022 மார்ச்சில் தீர்ப்பு வந்தது இந்த மதுரையின் சிறப்பு நீதிமன்றத்தில்தான். ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி அவர். டீஃபால்ட்டை மாற்றுவதன் விலை அது.

இந்த விலையைக் குறைக்கச் சட்டம் என்ன செய்தது? கூகுள் வழக்கில் தடை மறுத்தார் என்று சொன்னேனே, அதே நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் 2016 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்புத் தந்தார். உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண், சாதி மறுப்புத் திருமணம் செய்ததைத் தொடர்ந்து இறந்த வழக்கு அது. சாதி மறுப்புத் தம்பதியரின் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய தனிப் பிரிவு அமைக்க வேண்டும், அவர்கள் தொடர்புகொள்ள உதவி எண் வேண்டும் என்று அதில் உத்தரவிட்டார். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சக்தி வாஹினி வழக்கில் சிறப்புப் பிரிவுகளும் பாதுகாப்பு இல்லங்களும் வேண்டும் என்றது. மதுரை மாவட்டத்தின் அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது, அதன் தொலைபேசி எண் என்ன என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

பாருங்கள், யாரும் தூக்கவில்லை. வரன் பார்க்கும் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து போனபோது ஒன்றிய அமைச்சரே இறங்கி நான்கைந்து நாளில் திரும்பக் கொண்டுவந்தார். சாதியை மீறியவர்களைக் காப்பாற்றும் பிரிவின் எண் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் படித்த இளைஞர்கள் கூட்டத்துக்கே தெரியவில்லை. எந்த வாசல் அடைபட்டால் அரசுக்குப் பதற்றம் வருகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் கூகுள் பக்கம் நிற்கலாமா? அதுவும் முடியாது. 2022 ஏப்ரலில் தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுள் ஊழியர்களிடம் சாதி பற்றிப் பேசுவதாக இருந்தது. நிறுவனத்துக்குள்ளேயே சிலர் எதிர்ப்புக் கிளப்ப, அந்தப் பேச்சு ரத்து செய்யப்பட்டது. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார். சாதிப் பாகுபாட்டுக்கு இடமில்லை என்றும் சொல்வார்கள், சாதியைப் பற்றிப் பேசினால் பிளவு வருகிறது என்றும் சொல்வார்கள். உலகத்தின் தகவலையெல்லாம் ஒழுங்குபடுத்துவோம் என்கிற கம்பெனியால் ஒரு மணி நேரச் சாதி உரையைத் தாங்க முடியவில்லை.

1938-இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசும்போது அம்பேத்கர் தொழிலாளிக்குப் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் ஆகிய இரண்டும் எதிரிகள் என்றார். ஒன்றை எதிர்ப்பதற்காக இன்னொன்றின் தோளில் கை போட வேண்டியதில்லை. கூகுளின் ஏகபோகம் உடைய வேண்டும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. இந்த ஊரில் செயலி எழுதும் ஒரு பட்டதாரி தன் உழைப்பில் ஒரு பங்கை வாசல் வரியாக ஏன் கட்ட வேண்டும்? ஆனால் அந்த ஏகபோகம் உடைந்தால் தானாகவே நமக்கு நன்மை வந்துவிடாது. போட்டிச் சட்டம், கடையில் நியாயமாக வியாபாரம் நடக்கிறதா என்று மட்டும் பார்க்கும். கடையில் என்ன விற்கிறார்கள் என்று பார்க்காது. கமிஷன் குறைந்தால் சாதிவாரி வரன் இன்னும் மலிவாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

டீக்கடைத் தோழரின் கேள்விக்கு இதுதான் என் பதில். அவர்கள் சண்டையில் நமக்குக் கட்சி இல்லை. ஆனால் அவர்கள் சண்டையில் எழுதப்பட்ட தீர்ப்புகளில் நமக்கு ஆயுதம் இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்று மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, வரன் தேடும் தளங்களிடமும் அவற்றை ஒழுங்குபடுத்தும் அரசிடமும் தேர்வுத் திரை கேட்போம். சாதி கேட்கும் கட்டம் கட்டாயமாக இருக்கக் கூடாது. தொடக்கத்தில் சாதியில்லாத் தேடல்தான் இருக்க வேண்டும். சாதிக்குள் தேட விரும்புகிறவர் தேடிப் போய் அதைச் சொல்லட்டும், அந்த உழைப்பை அவர் செய்யட்டும். எந்த அடிப்படையில் வரன்களை வரிசைப்படுத்துகிறார்கள் என்பதை வெளியிட வேண்டும். 2016-இல் ஒன்றிய அரசு வரன் தேடும் தளங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பயனரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது, மோசடியைத் தடுப்பது ஆகியவற்றைப் பற்றி அது கவலைப்பட்டது. சாதிக் கட்டத்தைப் பற்றியும் கவலைப்படச் சொல்வோம்.

இரண்டு, உத்தரவு வாங்குவதோடு நிற்காமல் அது நடக்கிறதா என்று கண்காணிப்போம். இதற்கு மைக்ரோசாஃப்ட் கதை நல்ல பாடம். விண்டோஸோடு தன் பிரவுசரைக் கட்டிக் கொடுத்ததற்காக ஐரோப்பாவில் வழக்கு வந்தபோது, 2009-இல் பயனருக்குத் தேர்வுத் திரை காட்டுவதாக அந்த நிறுவனம் உறுதி கொடுத்தது. 2011-இல் வந்த ஒரு மேம்பாட்டில் அந்தத் திரை காணாமல் போனது. ஓராண்டுக்கும் மேல் யாரும் கவனிக்கவில்லை. 2013 மார்ச்சில் அதற்காகவே 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது. பிரஸ்ஸல்ஸிலேயே ஓராண்டு தூங்கியிருக்கிறார்கள் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும்? மாவட்டச் சிறப்புப் பிரிவு எங்கே, இதுவரை எத்தனை மனு வந்தது, எத்தனை பேருக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாளைக்கே பத்து ரூபாய் செலவில் கேட்கலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் என்று ஒரு வாசல்காப்பான் இருக்கிறான். மணமக்களின் விவரத்தை அலுவலகச் சுவரில் ஒட்டி, எதிர்ப்பவர் வாருங்கள் என்று அழைக்கும் விதி அது. அதை நீக்கச் சொல்லும் இயக்கத்திலும் நாம் இருக்க வேண்டும்.

மூன்று, நமக்கென்று மாற்று இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கூகுளும் இல்லாத, மேட்ரிமோனித் தளமும் இல்லாத காலத்திலேயே இந்த மண்ணில் சுயமரியாதைத் திருமணம் வந்தது. 1967-இல் அண்ணா அரசு அதற்குச் சட்ட ஏற்புத் தந்தது. வழக்கறிஞர் அறையில், நண்பர்கள் முன்னிலையில்கூட அந்தத் திருமணம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உறுதிசெய்தது. சென்னைப் பெரியார் திடலில் சுயமரியாதைத் திருமண நிலையம் இன்றும் சாதி கேட்காமல் இணை தேடித் தருகிறது. நம் தேடுபொறி சிறியது, ஆனால் இருக்கிறது. மதுரையில் அப்படி ஒன்று ஏன் இருக்கக் கூடாது? இந்த அறையில் மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள் ஐந்து பேராவது இருப்பீர்கள். வழக்கறிஞர் தோழர்கள் இருக்கிறீர்கள். முதல் கட்டமாக ஒரு பக்கம் போதும். சாதி மறுப்புத் திருமணம் செய்ய நினைப்பவருக்கு மதுரையில் எந்தப் பதிவு அலுவலகம், எந்த வழக்கறிஞர், எந்தக் காவல் அலுவலர், தங்க எந்த இடம் என்ற விவரங்கள் சரிபார்க்கப்பட்டு ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். அதைச் செய்தால் கூகுளில் தேடினாலும் அது கிடைக்கும். ஏகபோகக்காரன் வீட்டு வழியாகவும் நம் சேதி போகட்டும்.

1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தார்கள். அதன் அரசியல் பற்றி நமக்கு விமர்சனங்கள் உண்டு, இன்னொரு நாள் பேசலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோயிலுக்கு அன்று யாரும் அபராதம் போடவில்லை. அபராதம் போட்டிருந்தால் உண்டியலிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள். உள்ளே போனார்கள், சட்டம் பின்னால் வந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தகவல் உரிமை மனுவை நான் எழுதிக்கொண்டு வருகிறேன். அந்தப் பக்கத்தை உருவாக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். சாதி கேட்க மாட்டோம்.